புடி விட்டுப்போச்சு

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ‘புடி உட்டுப்போச்சு’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். கயிற்றைப் பிடித்திருந்தவன் கை தளர்ந்துவிட்டது, மாடு ஓடிவிட்டது. பிடி என்றால் கை. மாடு யாரையாவது முட்டினால் கையை விட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். என் அப்பா அந்தச் சந்தையில் மாட்டுத் தரகர். இருபது வயதுவரை வாரம் தவறாமல் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னால் நான் போட்ட ஒரு கணக்கின் முதல் வரி, தாளில் எழுதப்படாத வரி, இதுதான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொழிவாரியாக மாநிலம் பிரிவதற்கு இரண்டு வருடம் முன்பு நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். பாலக்காட்டுக் கல்லூரியில் இன்டர்மீடியட் வரை பௌதிகம் படித்திருந்தேன். அன்றாடம் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து, அங்குலமும் அதில் நூறில் ஒரு பங்கான சென்டுமாக நாட்குறிப்பில் எழுதுவேன். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை மணிக்கு மூடுபனி விலகியது, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம், எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு என் மழைக் கணக்கில் நம்பிக்கை உண்டு. தோட்டத்து ஆபீஸ் கணக்கும் என் கணக்கும் வேறுபட்டால் என்னுடையதைத்தான் எடுத்துக்கொள்வார். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

தேயிலை ஃபாக்டரி மூன்று மாடிக் கட்டடம். பறித்த பச்சை இலையை மேல்மாடிகளில் பரப்பி வாட்டுவார்கள். மூட்டைகளை மேலே ஏற்ற வெளிச்சுவரில் ஒரு விஞ்சு இருந்தது. கூரைக்குக் கீழே நீட்டிய உத்தரத்தில் ஒரு கப்பி, அதன்மேல் ஓடும் கம்பிக்கயிறு, கயிற்றின் ஒரு நுனியில் மூட்டை வலையை மாட்டும் கொக்கி, மறுநுனி தரையிலுள்ள இரும்பு உருளையில் சுற்றியிருக்கும். உருளைக்கு ஒரு பிரேக் உண்டு. பாரம் மேலே போய் நின்றதும் விஞ்சுக்காரர் பிரேக்கை அழுத்தி நிற்க, மேல்மாடி வாசலில் இருப்பவர்கள் மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

விஞ்சுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒன்பது வருடமாக அந்த வேலையில் இருந்தார். ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு, மேலே போய் நின்றிருந்த நான்கு மூட்டைப் பாரம் அப்படியே கீழே விழுந்தது. இலை சுமந்து வந்து இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் அதன் அடியில் சிக்கினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பிறகு இல்லை.

மூட்டைகளைப் புரட்டி அவளை வெளியே எடுக்க எல்லோரும் பாய்ந்தார்கள். துரை வந்து சேர்ந்தபோது வலை ஓரிடம், கொக்கி ஓரிடம், கயிறு முழுவதும் தரையில் சுருண்டு ஓரிடம். விழும்போதே பிரிந்தவை எவை, அவளை எடுக்கும்போது பிரித்தவை எவை என்று சொல்ல ஆளில்லை.

தலைமைக் குமாஸ்தா விடுப்பில் இருந்ததால் வாக்குமூலம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் அறையில் துரை, ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர், விஞ்சுக்காரர், நான். விஞ்சுக்காரரின் சட்டையில் இலைச் சாறும் ரத்தமும் இருந்தன.

“மேல போயி நின்னுச்சு சார். உள்ள இழுக்க அவுக கைய நீட்டுதாவ. அந்நேரம் புடி விட்டுப்போச்சு.”

“பிரேக்கைப் பிடிச்சிருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“புடிச்சுத்தான் சார் நின்னேன். புடி விட்டுப்போச்சுங்குதேன்ல. நான் என்ன செய்ய?”

நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: பிரேக்கைப் பிடித்திருந்தேன், என் கைப்பிடி நழுவிவிட்டது. பிறகு முறைப்படி தமிழில் படித்துக்காட்டினேன். “பிரேக்கைப் பிடித்திருந்தேன், பிடி விட்டுவிட்டது. சரிதானுங்களா?”

“ஆமா சார். அதான் நடந்தது” என்று கையெழுத்துப் போட்டார். மிஷன் பள்ளியில் படித்த குண்டுகுண்டான தமிழ் எழுத்து. டீ மேக்கர் அந்தத் தாளை வாங்கி ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்தார். பிறகு சாட்சியாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது, விஞ்சுக்காரர் தன் தவறை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. அவர் துரையிடம் ஓடினார். தான் பிரேக்கை விடவில்லை, பாரம்தான் கயிற்றிலிருந்து கழன்றது என்றார். முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று. கேள்விப்பட்ட நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: ‘வாக்கு மாறுகிறார்.’ இரண்டே சொல். அதன் கீழே மழை அளவு.

துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு நினைவு வந்தது. அந்தச் சனிக்கிழமை அவருடைய மைத்துனர், சீமையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர், கையில் சினிமாக் காமிராவோடு ஃபாக்டரி முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார். சுருளைக் கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். வர ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை விஞ்சுக்காரரைக் களை வெட்டும் வேலையில் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள சரிவுதான். தினமும் இரண்டு முறை அவரைக் கடந்து போனேன். ஒரு நாளும் நின்று பேசவில்லை. விசாரணையில் இருக்கும் ஆளிடம் பேசுவது முறையல்ல என்று நினைத்தேன்.

சுருள் வந்ததும் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“மாஸ்டர், நீ பிசிக்ஸ் படிச்ச ஆளு. பாரம் கயிறை விட்டுத் தனியா விழுந்தா எவ்வளவு?”

“முப்பத்திரண்டு” என்றேன். எதையும் தடையில்லாமல் கீழே விட்டால் ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு முப்பத்திரண்டு அடி கூடும். கல்லானாலும் மூட்டையானாலும் அதே எண்தான்.

“கயிறு கூடவே வந்தா? அந்தப் பெரிய உருளையையும் சுத்திக்கிட்டு?”

“குறையும்.”

“அதான். படம் இருக்கு. அளந்து சொல்லு. முப்பத்திரண்டு வந்தா அவன் நல்லவன், கம்பெனி இரும்பு கெட்டது. குறைஞ்சா அவன் கையை விட்டான்.”

உருளையின் எடையையும் பாரத்தின் எடையையும் வைத்து நானே கணக்கிட்டேன். கயிறோடு சேர்ந்து விழுந்திருந்தால் இருபத்தைந்து, இருபத்தாறு வர வேண்டும். முப்பத்திரண்டா இருபத்தைந்தா என்பதில் ஒரு மனிதரின் வேலையும், லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில் அவர் குடும்பம் இருந்த வீடும் தொங்கின. எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை கவனமாகச் செய்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பகல்கள். சாப்பாட்டு அறை ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, சுவரில் கட்டத் தாளை ஒட்டி, படம் காட்டும் கருவியைச் சுருளின் ஒவ்வொரு தனிப் படத்திலும் இரண்டு நொடி நிறுத்தி, பென்சிலால் புள்ளி வைத்தேன். அதற்குமேல் நிறுத்தினால் விளக்கின் சூட்டில் சுருள் கருகும். விழத் தொடங்கியதிலிருந்து ஏழாவது படம் அப்படித்தான் போயிற்று. மூட்டையின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஓர் ஓட்டை.

படம் மோசமானது. மூடுபனி, சுருளில் கீறல்கள், மைத்துனரின் கை நடுக்கம். கம்பிக்கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கணக்கே தேவைப்பட்டிருக்காது. மூட்டையின் அடிவிளிம்பு எது, பனி எது என்று புரியவில்லை. ஓரிடத்தில் மூட்டை முந்தைய படத்தில் இருந்ததைவிட மேலே போயிருப்பதுபோல் இருந்தது. காமிரா ஆடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு புள்ளிகள் வைத்தேன், ஒன்று மூட்டைக்கு, ஒன்று அசையாத ஜன்னல் விளிம்புக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி கண்டேன். படத்தில் ஓர் அங்குலம் உண்மையில் எத்தனை அடி என்பதற்கு, ஏணி போட்டு ஏறி, ஒரு மாடி ஜன்னல் விளிம்பிலிருந்து அடுத்த மாடி ஜன்னல் விளிம்புவரை நாடா பிடித்தேன். பத்தடி ஒன்பது அங்குலம். இருமுறை பார்த்தேன்.

நேரத்துக்கு? மைத்துனர் காமிராவின் வேகத் திருகைக் காட்டினார். ‘16’ என்ற எண்ணில் நின்றது. நொடிக்குப் பதினாறு படம். “எப்போதும் அதில்தான் வைப்பேன்” என்றார். குறித்துக்கொண்டேன்.

இருபத்தைந்தடி விழ இருபத்திரண்டரைப் படம் ஆகியிருந்தது. நேரத்தின் வர்க்கத்துக்கு எதிரே தூரத்தை வைத்துப் புள்ளிகளிட்டேன். அவை கண்டபடி சிதறித்தான் கிடந்தன. ஆனாலும் அவற்றின் நடுவே ஒரு கோடு போட முடிந்தது. அந்தக் கோடு சொன்ன விடை இருபத்தைந்தும் சொச்சமும். பிழை எவ்வளவு என்றும் பார்த்தேன். எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் இருபத்தேழைத் தாண்டவில்லை.

முப்பத்திரண்டு வந்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதித்திருப்பேன். நாடாவை, ஏணியை, பென்சில் முனையை, காமிராவை. நிச்சயமாகக் காமிராவையும். வந்ததோ நான் ஏற்கெனவே காதால் கேட்டு எழுதிய விடை. அதனால் பேனாவை மூடினேன்.

அந்தத் தாளில் துரை கேட்டபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தொழிலாளர் சங்கத்திலிருந்து பேச வந்தவர்கள் அரை மணி நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டுப் போனார்கள். கோடும் புள்ளியுமாக இருந்த அதோடு எப்படி வாதாடுவது? ஒருவர் மட்டும் என்னிடம், “மாஸ்டர், இது சரியான கணக்குத்தானா?” என்றார். “யாரிடம் வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள்” என்றேன். கோபமாகச் சொன்னதாக நினைவு.

விஞ்சுக்காரர் குடும்பம் லயத்தைக் காலி செய்த அன்று மழை. இரண்டு அங்குலம் பத்து சென்ட். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.

அடுத்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணக்கட்டி வாங்க ஃபாக்டரி ஸ்டோருக்குப் போனேன். புது விஞ்சுக்காரர் ஸ்டோர் கீப்பரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏய்யா, புடி வந்துச்சா இல்லியா? பழசு வழுக்குது. இன்னொரு பொம்பளைய நான் கொல்லணுமா?”

“வந்திருக்குய்யா, கத்தாத. பெட்டிய இன்னும் உடைக்கல. நீ போடுத சத்தத்துல தானா உடஞ்சிரும்.”

“எந்தப் புடிங்க?” என்று கேட்டேன்.

ஸ்டோர் கீப்பர் பெட்டியை நெம்பித் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அளவு இரும்பு. இரண்டு தாடை, இரண்டு திருகாணி. “இதுதான் மாஸ்டர். கம்பிக்கயிறு நுனிய மடக்கிக் கொக்கியோட சேத்து இதுல வச்சு இறுக்குவோம். பல்லு தேஞ்சா வழுக்கும்.”

“இதற்குப் பேர் புடியா?”

“நான் வந்த நாள்லருந்து புடிதான்.”

“அப்போ பிரேக்கின் கைப்பிடியை என்ன சொல்வீங்க?”

“பிரேக்கு. அதுக்கு ஏது மாஸ்டர் வேற பேரு?” என்று சிரித்தார் புது விஞ்சுக்காரர்.

சுண்ணக்கட்டியை வாங்காமலே திரும்பினேன். அன்று பிள்ளைகளை நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் நாட்குறிப்பில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நாள் இல்லை.

அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் பக்கங்களை எடுத்தேன். என்னுடைய பழக்கம், எதையும் தொடக்கத்திலிருந்து எண்ணுவது. சுருளின் முதல் படத்திலிருந்தே எண் போட்டிருந்தேன். பாரம் வருவதற்கு முன்னால், ஆரம்பத்தில், வெறும் கொக்கி கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருப்பது கொஞ்ச நேரம் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: ‘வெறும் கொக்கி. படம் 41 முதல் 134 வரை ஒரு முழு ஆட்டம். கொக்கி முதல்மாடி ஜன்னல் விளிம்புக்கு நேரே.’ எதற்கென்று தெரியாமல் எழுதியது. எழுதாமல் இருக்க முடியாததால் எழுதியது.

தொங்கி ஆடுகிற எதுவும் ஒரு கடிகாரம். கப்பியிலிருந்து அந்த ஜன்னல் விளிம்புவரை இருபத்திரண்டு அடி. நாடாவில் அளந்த கணக்கு அதே பக்கத்தில் இருந்தது. இருபத்திரண்டு அடிக் கயிறு ஒரு முறை போய்வர ஐந்து நொடியும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கும் ஆகும். இன்டர்மீடியட் முதல் வருடப் பாடம். அதற்குள் தொண்ணூற்று மூன்று படங்கள். அப்படியானால் நொடிக்குப் பதினாறு அல்ல, பதினெட்டு. புதிதாகச் சாவி கொடுத்த காமிரா, தன் திருகில் எழுதியிருந்ததைவிட வேகமாக ஓடியிருக்கிறது. கொக்கி ஆட்டத்துக்கும் பாரம் விழுந்ததற்கும் நடுவில் காமிராவை ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். இடையில் வேகம் சிறிது மாறியிருக்கலாம். அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் பதினாறு என்பது பொய்.

பதினாறை அடித்துவிட்டுப் பதினெட்டைப் போட்டேன். மற்ற எந்த அளவையும் தொடவில்லை. முப்பத்திரண்டு வந்தது. சொச்சத்தோடு.

மறுநாள் துரையிடம் போனேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சுருள் சீமைக்குப் போயாச்சு, மாஸ்டர்.”

“என் குறிப்பு இருக்கிறது.”

“இது உன் கையெழுத்து. இதுவும் உன் கையெழுத்து. அடுத்த வருஷம் இன்னொண்ணு கொண்டுவருவியா?” அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். “ஃபைல் மூடியாச்சு.”

வெளியே டீ மேக்கர் நின்றிருந்தார். புடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். “மாஸ்டர், எழுதினது நீங்க. நான் சாட்சி மட்டும்தான்” என்றார்.

விஞ்சுக்காரர் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பேருந்து மாறி, கடைசியில் ஒரு ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பிளந்ததை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விஞ்சுக்காரர் கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

“வாங்க மாஸ்டர். யாரு விழுந்தா? மறுபடி அளக்க வந்திருக்கீகளோ?”

தாளைக் கொடுத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சந்தை, புடி, பதினாறு, பதினெட்டு. அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

“எவ்வளவு வந்துச்சுன்னு சொன்னிய?”

“முப்பத்திரண்டு.”

“அப்ப நான் நல்லவன்.”

“ஆமாங்க.”

“டீ மேக்கர் ஐயாகிட்ட மறுநாளே சொன்னேனே மாஸ்டர். நான் சொன்னது கயித்துப் புடி, மாஸ்டர் வேற என்னமோ வெளங்கிக்கிட்டாரு போலன்னு. சரி, சொல்லுதேன்னாவ. உங்ககிட்ட நேர்ல சொல்லலாம்னு அந்தச் சரிவுல அஞ்சு வாரம் நின்னேன். நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு, அடிய எண்ணிக்கிட்டுப் போவிய.”

உண்மைதான். லயத்திலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை அடி என்று அந்த மாதங்களில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“இதக் காட்டுனா வேல திரும்பக் கெடைக்குமா சார்?”

“கிடைக்காதுங்க. துரை ஒத்துக்கொள்ளவில்லை.”

“செத்துப்போன அந்தப் புள்ளயோட ஆத்தா இவுகளப் பாத்து மண்ண வாரித் தூத்துனா. அவகிட்டச் சொல்லிட்டியளா?”

சொல்லவில்லை. நினைவுக்கே வரவில்லை.

“அப்ப இத எதுக்கு இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீய?”

விஞ்சுக்காரர், “விடு” என்றார் மனைவியிடம். தாளை வாங்கி மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “அங்க கொண்டுபோங்க மாஸ்டர். நான் நல்லவன்னு எனக்குத் தெரியும். தெரியாதவுக அங்கதான் இருக்காக.” பிறகு கோடாலியைப் பிடுங்கி எடுத்தார்.

திரும்பிய மறுநாள் மாலை, இறந்த பெண்ணின் தாய் இருந்த லயத்துக்குப் போனேன். கதவில் பூட்டு. மகள் இறந்த மூன்றாம் மாதமே தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்றும், எந்த ஊர் என்று தெரியாது என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கடைசிவரை விஞ்சுக்காரர் பெயரைச் சொல்லிச் சபித்துக்கொண்டிருந்தாளாம்.

சாந்தன்பாறை போன நாளின் பக்கத்தில், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வழியில் பூப்பாறையில் நாற்பது நிமிடத் தாமதம் என்றுதான் எழுதியிருக்கிறேன். விஞ்சுக்காரர் மனைவி கேட்டதை எழுதவில்லை. மடித்த தாள் அதே பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை.